பழைய கணினியின் பின்வாசல்





ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்திற்கும் இடையே வாழும் நமக்குக் கணினி அந்நியப் பொருளன்று. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உருவாகத் தொடங்கின. 2006இல் நோக்கியா வந்தது. 2014இல் மூடிச் சென்றது. 2007இல் வந்த டெல் நிறுவனம் இங்கேயே கணினிகளைப் பொருத்தி அனுப்புகிறது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை திறந்தது. இவ்வாலைகளில் பணிபுரியும் பிள்ளைகளுள் பலர் நம் மஹல்லாவின் மக்தபில் அலிஃப், பா ஓதியவர்கள்.

ஆயினும் நம் வீடுகளுக்குள் வரும் கணினிகள் பலவும் புதியவை அல்ல. அலுவலகங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்திவிட்டு மொத்தமாகக் கழித்துவிடுபவை அவை. சென்னை ரிச்சி தெருவிலும் அதுபோன்ற கடைகளிலும் தூசு தட்டப்பட்டு, புதியதன் விலையில் பாதிக்கும் குறைவாக விற்கப்படுகின்றன. வீண்விரயத்தைத் தவிர்க்கச் சொல்லும் மார்க்கத்தைப் பின்பற்றும் நமக்கு இது நல்ல ஏற்பாடே. எமது இல்லத்திலும் அத்தகைய மேசைக்கணினி ஒன்று இருக்கிறது. மகள் பாடம் படிப்பதும், மக்தபின் வருகைப் பதிவேடு எழுதுவதும், வெளிநாட்டில் இருக்கும் உறவினரோடு துணைவியார் முகம் பார்த்துப் பேசுவதும் அதில்தான்.

அதில் இன்னொன்றும் இருக்கிறது. மஹல்லாவின் ஜகாத், ஃபித்ரா பெறுவோரின் பட்டியல். ஒவ்வோர் ஆண்டும் ஷஃபான் மாதத்தில் ஜமாஅத் பெரியவர்கள் இருவரும் நாமும் அமர்ந்து அதைத் திருத்துவோம். விதவைகள், நோயாளிகள், கடனில் மூழ்கியோர், ஒப்பந்தப் பணி முடிந்து வெளியே அனுப்பப்பட்டோர் ஆகியோரின் பெயர்களும் தொகைகளும் அதில் உள்ளன. சில ஆண்டுகளுக்கு முன்பு ஜகாத் கொடுத்தவர் ஒருவரின் பெயர் இப்போது பெறுவோர் வரிசையில் இருக்கிறது. அவருடைய உடன்பிறந்த சகோதரருக்கும் அது தெரியாது. தெரியக்கூடாது என்பதே அவர் எம்மிடம் வைத்த ஒரே நிபந்தனை. அது அமானிதம். இக்கட்டுரைக்கான காரணமும் அதுவே.

அக்கணினியின் பெட்டியில் 'வீப்ரோ' என்று அச்சிட்ட சிறிய ஒட்டுத்தாள் ஒன்று இருந்தது. எம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் ஒரகடத்தில் ஓர் ஆலையின் கணினிப் பராமரிப்புப் பிரிவில் பணிபுரிகிறார். விடுமுறை நாளொன்றில் வீட்டுக்கு வந்தவர் அந்த ஒட்டுத்தாளைப் பார்த்ததும், "ஹஜ்ரத், இது எந்த நிறுவனத்திலிருந்து வந்தது?" என்று கேட்டார். விற்றவர் அதைச் சொல்லியிருக்கவில்லை. மாணவர் கணினியை முழுமையாக அணைத்தார். மின்செருகியையும் ரௌட்டரிலிருந்து வந்த கம்பியையும் அப்படியே விட்டுவிட்டார். பின்னர்த் தம் கைபேசியின் உலாவியில் அக்கணினியின் வலையமைப்பு முகவரியையும், முக்காற்புள்ளியிட்டு 16992 என்ற எண்ணையும் தட்டச்சு செய்தார். திரையில் ஒரு பக்கம் திறந்தது. இன்டெல் நிறுவனத்தின் பெயரும் உள்நுழைவதற்கான பொத்தானும் அதில் இருந்தன.

கணினி அணைந்திருக்கிறது. அதன் வாசலில் ஒருவர் விழித்திருந்து பதில் சொல்கிறார். எமது மகள், "அத்தா, தூங்குகிற வீட்டுக்குள்ளிருந்து யார் பேசுவது?" என்று கேட்டாள். அதைவிடச் சரியாக எம்மால் விளக்க இயலாது.

மாணவர் சொன்னதையும் பின்னர் நாம் படித்தறிந்ததையும் சேர்த்துச் சுருக்கமாகச் சொல்கிறோம். 2006 முதல் இன்டெல் நிறுவனம் வீப்ரோ என்னும் பெயரில் அலுவலகங்களுக்கென ஒரு வகைக் கணினியை முன்வைத்தது. அதன் உள்ளே முதன்மைச் செயலிக்குப் புறம்பாக மற்றொரு சிறு செயலி இருக்கிறது. அதில் இயங்கும் 'ஆக்டிவ் மேனேஜ்மென்ட் டெக்னாலஜி' என்ற வசதியைச் சுருக்கமாக ஏஎம்டி என்பர். விண்டோஸ் இயங்கினாலும் இயங்காவிட்டாலும், வன்தட்டையே கழற்றி வைத்திருந்தாலும், மின்சாரமும் வலையமைப்பும் இருந்தால் அதனால் இயங்க இயலும். ஆயிரம் கணினிகள் உள்ள நிறுவனத்தில் பராமரிப்பாளர் ஒருவர் தம் இருக்கையில் அமர்ந்தபடியே நள்ளிரவில் அவற்றை உயிர்ப்பிக்கலாம், பழுது நீக்கலாம், உரிய மாதிரிகளில் திரையைப் பார்த்து விசைப்பலகையையும் இயக்கலாம். அந்நிறுவனத்திற்கு அது தேவை. அதில் குறை காண ஒன்றுமில்லை. கணினி கைமாறும்போது அந்த வாசலை யாரும் அடைப்பதில்லை என்பதே சிக்கல். வன்தட்டை அழித்துப் புதிதாக விண்டோஸ் நிறுவிக் கொடுக்கும் கடைக்காரர், இதைத் தொடுவதேயில்லை. தொலைபேசியில் கேட்டபோது எமக்கு விற்றவர், "அதெல்லாம் ஒன்றும் செய்யாது பாய்" என்றார்.

ஒன்றும் செய்யாது என்பதற்கு எதிரான சாட்சி 2017இல் வந்தது. அவ்வாண்டு மே 1ஆம் தேதி, ஏஎம்டியில் ஒரு பெரும் ஓட்டை இருப்பதை இன்டெல் அறிவித்தது. எம்பெடி என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் மாக்சிம் மால்யூதின் அதைக் கண்டறிந்தார். உள்ளே வர விரும்புபவர் கடவுச்சொல்லிலிருந்து கணக்கிட்ட ஒரு விடையைத் தரவேண்டும். கணினி அதைத் தன்னிடமுள்ள விடையோடு ஒப்பிடும். ஆனால், வந்தவர் எத்தனை எழுத்துகள் தந்தாரோ அத்தனை எழுத்துகளை மட்டுமே அது ஒப்பிட்டது. வெறுமையான விடையைத் தந்தால் ஒப்பிட எழுத்தே இல்லை, ஆகவே பிழையும் இல்லை, கதவு திறந்துவிடும்.

ஹிஃப்ழு மாணவரிடம் பாடம் கேட்கும் உஸ்தாதுகளுக்கு இது உடனே விளங்கும். சிறுவன் ஓதிய ஆயத்துகளில் மட்டும் பிழை பார்ப்பேன் என்று உஸ்தாது முடிவு செய்தால், வாய் திறக்காமல் அமர்ந்திருக்கும் சிறுவன் முழு மதிப்பெண்ணோடு தேறிவிடுவான். உலகின் மாபெரும் சில்லு நிறுவனம் ஆண்டுக்கணக்கில் இப்படித்தான் பாடம் கேட்டுக்கொண்டிருந்தது. ஏஎம்டியின் 6ஆம் பதிப்பிலிருந்து 11.6ஆம் பதிப்பு வரை இக்குறை இருந்தது. திருத்தம் வந்துவிட்டது, ஆனால் அதை ஒவ்வொரு கணினியிலும் நிறுவியாக வேண்டும். கிடங்கில் அடுக்கி வைக்கப்பட்ட கணினிகளுக்கு யார் நிறுவுவார்?

அடுத்து, 2018 ஜனவரியில் எஃப்-செக்யூர் நிறுவனத்தின் ஹாரி சிந்தோனென் மற்றொன்றைக் காட்டினார். பயாஸுக்குக் கடவுச்சொல் இட்டிருந்தாலும், ஏஎம்டியின் அமைப்புப் பக்கத்திற்குத் தொழிற்சாலையில் வைத்த 'அட்மின்' என்ற சொல் மாற்றப்படாமல் இருந்தால், மடிக்கணினியைக் கையில் பெறும் ஒருவர் ஒரு நிமிடத்திற்குள் தமக்கென வழி அமைத்துக்கொள்ளலாம் என்பதே அது.

அச்சத்தை மிகைப்படுத்துவது எம் நோக்கமன்று. இணையத்தின் மறுகோடியிலிருந்து ஒருவர் நேரே நம் வீட்டுக் கணினியின் இந்த வாசலுக்கு வருவது எளிதன்று. இடையே ரௌட்டர் நிற்கிறது. ஆபத்து அருகிலிருந்துதான். நம் பகுதியின் வாடகைக் குடியிருப்புகளை எண்ணிப்பாருங்கள். ஒரே மாடியில் ஆறு அறைகள், ஒவ்வோர் அறையிலும் ஷிப்டு மாறும் இளைஞர்கள், அனைவருக்கும் சேர்த்து ஒரே வைஃபை. அதன் கடவுச்சொல் படிக்கட்டுச் சுவரிலேயே எழுதப்பட்டிருக்கும். அங்கே ஒரு வீட்டின் கணினிக்கு மற்றவர் அனைவரும் சுவரில்லாத அண்டை வீட்டார்.

மனிதர் வீடுகளுக்குள் நுழையும் ஒழுங்கை அல்லாஹ் சூரத்துந் நூரின் 27, 28ஆம் வசனங்களில் விதித்திருக்கிறான். பிறர் இல்லத்தினுள் அனுமதி பெறாமலும் அவ்வீட்டாருக்கு ஸலாம் உரைக்காமலும் நுழையலாகாது. திரும்பிச் செல்லுங்கள் என்று சொல்லப்பட்டால் திரும்பிவிட வேண்டும், அதுவே தூய்மையானது. நபி (ஸல்) அவர்களின் அறைக்குள் ஒருவர் துவாரத்தின் வழியே எட்டிப் பார்த்த நிகழ்ச்சியை ஸஹ்ல் பின் ஸஅத் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள், புகாரியில் பதிவாகியிருக்கிறது. அப்போது நபியவர்களின் கையில் தலை கோதும் சீப்பு ஒன்று இருந்தது. எட்டிப் பார்ப்பது தெரிந்திருந்தால் அதனாலேயே கண்ணில் குத்தியிருப்பேன் என்று கண்டித்துவிட்டு, அனுமதி கேட்பது விதிக்கப்பட்டதே பார்வையின் காரணத்தால்தான் என்ற கருத்தை நபியவர்கள் உணர்த்தினார்கள். அந்த மனிதரின் கால் வாசற்படியைத் தாண்டவில்லை. பார்வை தாண்டியது, அதுவே நுழைவாகக் கருதப்பட்டது. கணினித் திரையைத் தொலைவிலிருந்து காணும் வசதியை இதனோடு ஒப்பிட ஃபிக்ஹு நூல்களில் நெடுநேரம் தேடவேண்டியதில்லை.

எமது கணினிக்கு வருவோம். கணினி விழிக்கும் கணத்தில் கன்ட்ரோல் விசையையும் பி விசையையும் சேர்த்து அழுத்தினால் ஏஎம்டியின் அமைப்புப் பக்கம் வரவேண்டும். சில மாதிரிகளில் எஃப்12 பட்டியலின் வழியே வரும். வந்தது. 'அட்மின்' என்று கொடுத்தோம், ஏற்கவில்லை. பழைய நிறுவனம் வைத்த கடவுச்சொல் இன்னும் அதில் காவல் இருந்தது. நாம் விலை கொடுத்து வாங்கிய வீட்டின் ஓர் அறைக்கு முந்தைய உரிமையாளரின் பூட்டு! நல்வாய்ப்பாக, பயாஸ் பகுதியில் பழைய ஏஎம்டி அமைப்பு முழுவதையும் நீக்கும் தெரிவு ஒன்று இருந்தது. மாணவர் அதை இயக்கிவிட்டுக் கணினியை மறுபடி தொடங்கினார். இப்போது 'அட்மின்' திறந்தது. உடனே புதிய கடவுச்சொல்லைக் கேட்டது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண், குறி ஆகிய நான்கும் கலந்து எட்டெழுத்துக்குக் குறையாமல் அமைத்தோம். அதன் பிறகே ஏஎம்டியை 'டிஸேபிள்' செய்து வெளியேறினோம். இந்த வரிசை முக்கியம். கடவுச்சொல்லை மாற்றாமல் அணைத்துவிட்டால், பெட்டியருகே வரும் எவரும் அதே 'அட்மின்' என்ற சொல்லால் மீண்டும் இயக்கலாம்.

பின்னர் அதே கைபேசி, அதே முகவரி, அதே 16992. இம்முறை பக்கம் திறக்கவில்லை. இச்சோதனையை மற்றொரு கருவியிலிருந்துதான் செய்யவேண்டும். அதே கணினியில் அமர்ந்து சோதித்தால் நம்ப இயலாது. அந்தச் சிறு செயலியை அடியோடு நீக்க நம் போன்றோரால் ஆகாது. கணினி தொடங்குவதற்கே அது தேவைப்படுகிறது. வலையமைப்பின் பக்கம் திறந்திருந்த வாசலைத்தான் நாம் அடைத்தோம்.

விண்டோஸின் உள்ளே இருப்பவை இதைவிட எளியவை. 'செட்டிங்ஸ்' பகுதியில் 'ரிமோட் டெஸ்க்டாப்' அணைந்திருக்கிறதா என்று காண்க; வீட்டுப் பதிப்பில் அது இராது, அலுவலகப் பதிப்பில் இருக்கும், பழைய கணினிகளில் அலுவலகப் பதிப்பே மிகுதி. 'ரிமோட் அசிஸ்டன்ஸ்' என்பதற்கான குறியை எடுத்துவிடுக. 'அக்கவுண்ட்ஸ்' பகுதியில், பணியிடம் அல்லது பள்ளியின் கணக்கு ஏதும் இணைந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். விண்டோஸைப் புதிதாக நிறுவும்போது முன்பின் அறியாத ஒரு நிறுவனத்தின் பெயரைக் காட்டி அதன் கணக்கைக் கேட்டால், அக்கணினி இன்னும் அவர்களுடைய பதிவிலேயே இருக்கிறது என்று பொருள். அந்நிறுவனமே நீக்கினாலன்றி அது போகாது. விற்றவரிடம் திருப்பிக் கொடுப்பதே நேர்வழி.

ஆனால், அலுவலகம் கொடுத்த மடிக்கணினியை வீட்டுக்குக் கொண்டுவரும் சகோதரர்கள் மேற்சொன்ன எதையும் செய்யலாகாது என்பது எமது கருத்து. அது அவர்களுடைய சொத்து. பணியில் சேரும்போது கையொப்பமிட்ட உடன்படிக்கை நம்மைக் கட்டுப்படுத்தும். வாக்குறுதியை நிறைவேற்றுவது மார்க்கக் கடமை. அங்கே வழி வேறு. அந்த மடிக்கணினியைக் குடும்பத்தின் கணினியாக ஆக்காதீர்கள். பிள்ளையின் பாடத்திற்கோ, மனைவியின் காணொளி அழைப்பிற்கோ, குடும்பப் புகைப்படங்களுக்கோ அது இடமன்று. பணி முடிந்ததும் மூடிப் பையில் வையுங்கள். நம் பகுதியின் தொழிற்சாலைகள் பலவற்றில் வாயிலிலேயே கைபேசியின் கேமராவின் மீது ஒட்டுத்தாள் ஒட்டிய பின்னரே உள்ளே விடுகிறார்கள். ஆலைக்குத் தன் அந்தரங்கத்தின் மீது இருக்கும் ரோஷம் நம் வீட்டின் மீது நமக்கு இருந்தால் போதும்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் லோயர் மெரியன் என்ற பள்ளி மாவட்டம் மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுத்தது. தொலைந்தால் கண்டுபிடிப்பதற்கென்று அதில் ஒரு தொலைநிலை வசதி இருந்தது. 2010இல் ஒரு மாணவரின் குடும்பம் வழக்குத் தொடுத்த பின்னரே, அவ்வசதி மாணவர்களின் கணினிக் கேமராக்களின் வழியே வீட்டினுள் இருந்தவர்களையும் படமெடுத்தது வெளிவந்தது. படங்களும் திரைப் பிரதிகளும் சேர்ந்து 56,000க்கும் மேல். முடிவில் 6,10,000 டாலர் கொடுத்து வழக்குகளைத் தீர்த்துக்கொண்டார்கள். தொலைந்த பொருளைத் தேடும் நல்ல எண்ணத்தில்தான் தொடங்கியிருக்கிறார்கள்.

நல்ல எண்ணம் என்றதும், எமக்குக் கடினமாக இருந்த பகுதியைச் சொல்லவேண்டும். ஏஎம்டியை அடைத்த அன்று மாலை, நிறுவப்பட்ட மென்பொருள்களின் பட்டியலை மகள் வாசித்துக்கொண்டு வந்தாள். 'எனிடெஸ்க்' என்ற பெயர் வந்தது. முன்பொருமுறை அச்சுப்பொறி பழுதானபோது, அதே மாணவர் தம் பணியிடத்திலிருந்தே சரிசெய்வதற்காக நிறுவியது அது. அன்றைய வேலை அன்றே முடிந்தது. ஆனால் யாரும் 'ஏற்கிறேன்' என்று அழுத்தாமலேயே உள்ளே வருவதற்கான கடவுச்சொல் ஒன்றையும் அவர் அதில் அமைத்திருந்தார். கேட்டதற்கு மறைக்கவில்லை. "ஹஜ்ரத், நான் இரவு ஷிப்டில் இருந்தாலும் உங்களுக்கு உடனே உதவவேண்டும் என்றுதான் வைத்தேன். ஒருநாளும் அதைப் பயன்படுத்தவில்லை" என்றார். அவர் பொய் சொல்பவர் அல்லர். ஐந்து வயதிலிருந்து அறிவோம்.

திரைக்குப் பின்னாலிருந்து எமது துணைவியார் ஒன்றே ஒன்று கேட்டார்: "அது எந்நேரமும் திறந்தே இருந்ததா?"

மாணவரின் முகம் சிவந்துவிட்டது. அவரைச் சந்தேகிப்பதாகத் தோன்றிவிடுமோ என்று எமக்கும் தயக்கமே. ஆயினும் ஜகாத் பட்டியலில் உள்ள அந்த மனிதர் எம்மிடம்தான் நிபந்தனை வைத்தார். எம் மாணவரிடம் வைக்கவில்லை. மாணவரின் நேர்மை எத்தகையதாயினும், அந்த நிபந்தனையை அவருக்கும் சேர்த்து விரித்துக்கொள்ளும் உரிமை எமக்கில்லை. அவருடைய கைபேசி நாளை தொலைந்து வேறொருவர் கையில் சிக்கினால் அந்த வழி அவருக்கும் கிடைத்துவிடும். இதை அவரிடம் அப்படியே சொன்னோம். சூரத்துந் நூரின் 28ஆம் வசனத்தை நினைவூட்டினோம். திரும்பிப் போகச் சொல்லப்படுவது அவமதிப்பன்று என்பதை மக்தபில் எம்மிடமே அவர் படித்திருந்தார். அவர் ஒன்றும் பேசாமல் தம் கையாலேயே எனிடெஸ்க்கை நீக்கிவிட்டுப் புறப்பட்டார். அடுத்த இரண்டு ஜும்ஆக்களில் வழக்கமான இடத்தில் அவரைக் காணவில்லை. அது எம்மை வருத்தியது.

எனிடெஸ்க் போன்றவற்றைப் பற்றி ஓர் இடைச்சொல். அவை தம்மளவில் தீயவை அல்ல. ஆனால் வங்கியிலிருந்து பேசுவதாகக் கூறி அவற்றை நிறுவச் சொல்லிப் பணம் பறிப்போர் பெருகியதால், 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கியே அச்செயலியின் பெயரைச் சொல்லி வங்கிகளை எச்சரித்தது. அழைப்பது யாராயினும், நாம் உதவி கேட்காதபோது தானாக வரும் உதவிக்கு மறுத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதமின்றி 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

மூன்றாம் வாரம் மாணவர் தாமாகவே வந்தார். விண்டோஸிலேயே 'குயிக் அசிஸ்ட்' என்ற ஒன்று இருக்கிறது, ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்கும், உங்களுக்கு அது பொருந்துமா என்று பாருங்கள் என்றார். உதவுபவருக்கு ஓர் எண் கிடைக்கும். அதை அவர் தொலைபேசியில் சொல்வார். நாம் உள்ளிட்டு, சம்மதம் என்று அழுத்தினால்தான் அவர் திரையைக் காண்பார். விசைப்பலகையை இயக்கவேண்டுமெனில் அதற்குத் தனியே சம்மதம் கேட்கும். எண்ணும் சில நிமிடங்களில் காலாவதியாகிவிடும். எமக்குப் பொருந்தியது. ஜகாத் பட்டியலை மட்டும் கணினியிலிருந்து எடுத்து, கடவுச்சொல் இட்ட பென்டிரைவ் ஒன்றில் வைத்து, ஜமாஅத் அலமாரியில் பூட்டியிருக்கிறோம். ஷஃபானில்தான் அது வெளியே வரும்.

சென்ற வாரம் அச்சுப்பொறி மறுபடியும் தகராறு செய்தது. இஷாவுக்குப் பிறகு அழைத்தோம். துணைவியாரும் மகளும் அடுத்த அறைக்குச் சென்ற பின் அவர் சொன்ன எண்ணை உள்ளிட்டோம். பத்து நிமிட வேலை. முடிந்ததும், "வெளியேறுகிறேன் ஹஜ்ரத், அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார். திரையின் மேல்விளிம்பில் இருந்த பட்டை மறைந்தது.